பிள்ளைக்கு எதற்குத் தண்டனை?

மூன்று வருடங்களுக்கு முன்பு என் வாட்ஸப்பில் ஒரு எக்செல் ஷீட் வந்தது. நான்காவது ஐவிஎஃப்பும் தோற்றுப்போய், வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசாத வாரம் அது. அனுப்பியவர் ஒரு ஏஜென்ட். ஏஜென்ட் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், கன்சல்டன்ட் என்று சொல்ல வேண்டும். ஷீட்டில் ஒரு வரிசைக்கு ஒரு நாடு. மொத்தச் செலவு, காத்திருப்புக் காலம், குழந்தை பிறந்து எத்தனை நாளில் ஊர் திரும்பலாம் என்று சொல்லும் 'எக்ஸிட் டைம்', கடைசியாக 'லீகல்'. அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுத்தே இல்லை, நிறம் மட்டும்தான். சில நாடுகளுக்குப் பச்சை, பல நாடுகளுக்கு மஞ்சள்.

மஞ்சள்னா என்ன என்று வீடியோ காலில் கேட்டேன்.

"அது கிரே ஏரியா சார். ஒண்ணும் ஆகாது, நாங்க பாத்துக்குவோம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்: "இதுல சுமக்கப்போறவங்க எங்க இருக்காங்க?"

"மேடம், அதெல்லாம் பேக்கேஜ்லயே வந்துரும்."

அவர் சொன்னது உண்மைதான். 'மொத்தச் செலவு' என்ற கட்டத்துக்குள் அந்தப் பெண் இருந்தார்.

நாங்கள் போகவில்லை. அறம் தடுத்தது என்று எழுதினால் அது பொய். கையில் அவ்வளவு பணம் இல்லை என்பதுதான் முதல் காரணம். ஆனால் அந்த மஞ்சள் நிறம் உறுத்திக்கொண்டே இருந்தது. புரோக்ராம் விழுந்தால் லாகைத் தோண்டிப் பார்ப்பது எங்கள் தொழில்பழக்கம். அந்தப் பழக்கத்தில் ராத்திரிகளில் தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். குஜராத், ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி. படிக்கப் படிக்க ஒரு அபிப்பிராயம் உருவாகி, அது கோபமாகத் திரண்டு, இப்போது கட்டுரையாக வந்து நிற்கிறது.

அபிப்பிராயம் இதுதான். வாடகைத்தாய் முறையை ஒரு நாடு அனுமதிக்கலாம், தடை செய்யலாம். அது அந்த நாட்டு மக்கள் தங்களுக்குள் போட்டுத் தீர்க்க வேண்டிய சண்டை. ஆனால் எல்லைக்கு அப்பால் ஏற்கெனவே பிறந்துவிட்ட ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் அம்மா அப்பாவையும் அந்தத் தடைக்குப் பிணையாகப் பிடித்து வைப்பது அயோக்கியத்தனம். இதைப் 'பொதுக் கொள்கை' என்ற கௌரவமான பெயரில் உலகின் மிக நாகரிகமான அரசுகள் செய்துவருகின்றன.

('வாடகைத்தாய்' என்ற சொல் எனக்குப் பிடிக்காது. ஆனால் 2022-ல் ஒரு நட்சத்திரத் தம்பதிக்கு இரட்டைக் குழந்தை பிறந்த வாரத்தில் மொத்தத் தமிழ்நாடும் அந்தச் சொல்லை டீக்கடையில் வைத்துப் பேசித் தீர்த்துவிட்டது. இனி மாற்றமுடியாது.)

குஜராத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வாசலிலேயே நடந்தது. 2008 ஜனவரியில் ஆனந்த் நகரத்தில் ஒரு ஜெர்மானியத் தம்பதிக்காக ஒரு இந்தியப் பெண் இரட்டை ஆண் குழந்தைகளைப் பெற்றெடுத்தார். விந்தணு கணவருடையது. கருமுட்டை பெயர் தெரியாத ஒரு இந்தியப் பெண்ணுடையது. அப்போது இந்தியாவில் இதற்குச் சட்டமே கிடையாது. மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2005 வழிகாட்டு நெறிகள் மட்டும் இருந்தன. அவற்றை மீறினால் யாரும் யாரையும் ஒன்றும் செய்யமுடியாது.

ஜெர்மனி சொன்னது: எங்கள் சிவில் சட்டம் 1591-ஆம் பிரிவின்படி பெற்றவள்தான் தாய். பெற்றவள் இந்தியப் பெண். வாடகைத்தாய் முறையை எங்கள் நாடு ஏற்பதில்லை. எனவே இவர்கள் எங்கள் பிள்ளைகள் இல்லை. இந்திய அரசு சொன்னது: சுமந்தவர் சுமக்க மட்டுமே செய்தார், அவர் தாய் இல்லை. எனவே இவர்கள் எங்கள் குடிமக்கள் இல்லை. பாஸ்போர்ட் கொடுத்தார்கள், பிறகு திருப்பிக் கொடு என்றார்கள். ஒன்று பூட்டைத் திறக்கட்டும் என்று இன்னொன்றும், இன்னொன்று திறக்கட்டும் என்று முதலாவதும் காத்துக்கொண்டு நின்றுபோகும் இரண்டு புரோக்ராம்களை நாங்கள் டெட்லாக் என்போம். அங்கே நாங்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இங்கே நடுவில் மாட்டியிருந்தவை டயப்பர் மாற்ற வேண்டிய இரண்டு உயிர்கள்.

2009 நவம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பெற்றவர் இந்தியர், பிறந்த மண் இந்தியா, பிள்ளைகள் இந்தியக் குடிமக்கள், பாஸ்போர்ட் கொடுங்கள். எனக்குத் தெரிந்து இந்த மொத்த வரலாற்றிலும் இவ்வளவு நேராகப் பேசிய தீர்ப்புகள் குறைவு. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது. கடைசியில் சொந்த அப்பாவே தன் பிள்ளைகளை வெளிநாட்டுத் தத்தெடுப்பு என்ற வழியில் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு விதிவிலக்கு கண்டுபிடித்தார்கள். 2010 மே மாதம் குழந்தைகள் கிளம்பினார்கள். வந்தது பிரசவ வார்டிலிருந்து, போனது நடந்து. அவர்களுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது.

இது நடந்துகொண்டிருந்தபோதே பிரிட்டனில் ஒரு வழக்கு. உக்ரைனில் ஒரு திருமணமான பெண் பிரிட்டிஷ் தம்பதிக்காக இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தார். உக்ரைன் சட்டப்படி அவர் தாயே இல்லை. வேண்டிப் பெற்ற தம்பதிதான் பெற்றோர். ஆங்கிலச் சட்டப்படி அவர்தான் தாய், அவருடைய கணவர்தான் அப்பா. ஆக, அங்கே போனால் இவர்கள் பிள்ளைகள், இங்கே வந்தால் அவர்கள் பிள்ளைகள். இரண்டு ஊரிலும் கையில் வைத்திருப்பவர் பெற்றோர் இல்லை. குழந்தைகளுக்கு எந்தக் குடியுரிமையும் இல்லை. லண்டன் நீதிபதி 2008 டிசம்பரில், இந்த ஏற்பாட்டில் தனக்கிருந்த சங்கடத்தை மறைக்காமல் எழுதி, குழந்தைகளின் நலனுக்காகவே பெற்றோர் ஆணையைக் கொடுத்தார்.

அந்தத் தீர்ப்பில் போகிறபோக்கில் ஒரு விவரம் இருக்கிறது. சுமந்தவருக்கு மாதம் 235 யூரோ, பிரசவத்துக்குப் பிறகு 25,000 யூரோ. அந்தப் பெரிய தொகை அவர் ஒரு ஃப்ளாட் வாங்க முன்பணம் கட்டுவதற்காக. நாம் 'வாடகை' என்கிறோம். அவர் சொந்த வீட்டுக்குப் போகப் பார்த்திருக்கிறார்.

இனி பொதுக் கொள்கைக்காரர்களின் வாதத்துக்கு வருவோம். அது முட்டாள்தனமான வாதம் இல்லை, அதனால்தான் இவ்வளவு காலம் நிற்கிறது. அவர்கள் சொல்வது: உள்ளூரில் தடை செய்துவிட்டு, வெளியே போய்ப் பெற்றுவந்த பிள்ளையைக் கேள்வி கேட்காமல் பதிந்துகொண்டால் தடைக்கு என்ன அர்த்தம்? பணம் உள்ளவன் விமானம் ஏறுவான். பெண்ணுடலும் பிள்ளையும் சரக்காகும். 2023 மார்ச்சில் காசாபிளாங்காவில் கூடிய நிபுணர்கள் இந்த முறையையே உலகம் முழுக்க ஒழிக்க வேண்டும் என்று கையெழுத்திட்டது இந்தப் பயத்தில்தான். அந்த எக்செல் ஷீட்டைப் பார்த்தவன் என்ற முறையில் சரக்கு என்ற பகுதியை நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் ஒரு தடை வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அது யாரைத் தடுக்கிறது என்று பார்த்துத்தான். ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். 2014 டிசம்பரில் அதன் உச்ச நீதிமன்றம் கலிஃபோர்னியாவில் பிறந்த ஒரு குழந்தையின் இரண்டு அப்பாக்களையும் பெற்றோராக ஏற்றது. ஏனென்றால் அவர்கள் கையில் கலிஃபோர்னிய நீதிமன்றத்தின் தீர்ப்பு இருந்தது, அயல்நாட்டுத் தீர்ப்பை மதிப்பது முறை. நல்ல தீர்ப்பு. 2019 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் முன் உக்ரைனில் பிறந்த குழந்தை ஒன்றின் வழக்கு. அம்மாவை ஏற்க மறுத்தது. உக்ரைனில் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் கொடுப்பதில்லை, பதிவு அலுவலகத்தில் பெயர் எழுதுவதோடு சரி. எனவே பதிவேட்டில் தாய் என்று சுமந்த பெண்ணின் பெயரே இருக்கட்டும், வேண்டுமானால் இந்த அம்மா தத்தெடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

சட்டரீதியாக இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, நான் வக்கீல் இல்லை, குறுக்கே பேசவில்லை. ஆனால் விலையைப் பாருங்கள். அமெரிக்காவில் இந்த வேலை லட்சம் டாலரைத் தாண்டும். உக்ரைனில் அதில் பாதிகூட ஆகாது. லட்சம் டாலர் கொடுக்க முடிந்தவருக்குத் தீர்ப்பும் கிடைக்கிறது, பிறந்த அன்றே அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கும் உரிமையும் கிடைக்கிறது. வீட்டை அடமானம் வைத்துக் கீவ் போனவருக்கு மஞ்சள் நிறம். என் ஷீட்டில் பச்சைக் கட்டங்கள் இருந்த வரிசைகளில் எல்லாம் செலவும் அதிகமாக இருந்ததற்கு அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. இதைத் தடை என்று சொல்லக்கூடாது. நுழைவுக் கட்டணம் என்று சொல்லலாம்.

பச்சையும் முழுப் பச்சை இல்லை என்பதற்கு பிரான்ஸ் சாட்சி. 2000-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த இரட்டையரின் பெற்றோரை பிரான்ஸ் பதிவேட்டில் ஏற்ற மறுத்தது. குடும்பம் விடவில்லை. 2014-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், மென்னசன் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், பிள்ளைகளின் அடையாள உரிமையை பிரான்ஸ் மீறிவிட்டது என்று சொன்னது. அதற்குப் பிறகும் இழுத்தடித்து, 2019 அக்டோபரில்தான் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் அம்மாவையும் சேர்த்து முழுமையாக ஏற்றது. பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வயது முடியப்போகிறது. ஒரு குழந்தைப்பருவம் முழுக்க அரசாங்கம் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது: உன் அம்மா எங்களுக்கு உன் அம்மா இல்லை.

பெரியவர்கள் செய்த தப்பையும் பிள்ளையின் நிலையையும் பிரிப்பது அப்படி ஒன்றும் நடக்காத காரியமா? நம் சட்டப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இந்து திருமணச் சட்டம், பிரிவு 16. முதல் மனைவி இருக்கும்போது இரண்டாம் கல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, செய்தவன் ஜெயிலுக்கும் போகலாம். ஆனால் அதில் பிறந்த பிள்ளை சட்டப்படி பிள்ளைதான். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பூர்வீகச் சொத்தில் அப்பாவுக்கு வரும் பங்கிலும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. இதனால் இரண்டாம் கல்யாணத்தை அரசு ஊக்குவிக்கிறது என்று யாராவது சொல்கிறோமா? ஊர் வாய் 'சின்ன வீட்டுப் பிள்ளை' என்று சொல்லித் தண்டித்ததைச் சட்டம் செய்ய மறுத்தது, அவ்வளவுதான். நம் ஊர்ச் சட்டம் எத்தனையோ விஷயத்தில் பின்தங்கியது. இதில் அது ஐரோப்பாவுக்கு வகுப்பெடுக்கலாம்.

இத்தாலிக்கு முதல் வகுப்பு. 2011-ல் மாஸ்கோவில் வாடகைத்தாய் மூலம் பிறந்த ஆண் குழந்தையை ஒரு இத்தாலியத் தம்பதி அழைத்துவந்தார்கள். டிஎன்ஏ பரிசோதனையில் அப்பாவுக்கும் குழந்தைக்கும் தொடர்பில்லை என்று வந்தது. ரஷ்ய கிளினிக்கில் ஏதோ மாறியிருக்கிறது. எட்டு மாதக் குழந்தையை அரசு எடுத்துப் போனது. ஒரு வருடத்துக்கும் மேல் காப்பகத்தில் வைத்திருந்து வேறு குடும்பத்துக்குக் கொடுத்தது. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 ஜனவரியில், 11-க்கு 6 என்ற கணக்கில், இத்தாலி செய்தது உரிமை மீறல் இல்லை என்றது. அந்த ஆறு பேர் இருந்ததில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி. 2024 அக்டோபரில் இத்தாலி அடுத்த படிக்குப் போனது. வெளிநாட்டில், அங்கே சட்டபூர்வமாகச் செய்தாலும், இத்தாலியக் குடிமகனுக்கு அது குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, பத்து லட்சம் யூரோ வரை அபராதம். சரி, அப்பாவையும் அம்மாவையும் ஜெயிலில் போடுங்கள். அந்தக் கைக்குழந்தையை யார் தூங்கவைப்பது? பாராளுமன்றமா?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு பெயரைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். பேபி காமி. 2013 டிசம்பரில் தாய்லாந்துப் பெண் ஒருவர் ஆஸ்திரேலியத் தம்பதிக்காக இரட்டையரைப் பெற்றார். பெண் குழந்தை ஆஸ்திரேலியா போனது, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆண் குழந்தை தாய்லாந்திலேயே நின்றது. கைவிட்டுவிட்டார்கள் என்று உலகமே கொதித்தது. கைவிடவில்லை, சுமந்தவரே அவனைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பினார் என்று 2016-ல் மேற்கு ஆஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றம் கண்டது. ஆனால் வேறொன்று உண்மை. அந்த அப்பா ஏற்கெனவே சிறுமிகளிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர். அதைத் தெரிந்தே, கடுமையான நிபந்தனைகளோடு, பெண் குழந்தையை அங்கேயே இருக்கவிட வேண்டியதாயிற்று. அதற்குள் அவளுக்கு அது வீடாகிவிட்டது.

இதைப் படித்த ராத்திரி என் வாதத்தின் ஒரு பாதி ஆட்டம்கண்டது. எல்லாப் பிள்ளைகளையும் கண்ணை மூடிக்கொண்டு பதிந்துவிடு என்று இனி நான் எழுத முடியாது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அங்கே தவறிய சோதனை பிறப்புக்குப் பின்னால் செய்ய வேண்டியதே இல்லை. கரு உருவாவதற்கு முன்பே செய்திருக்க வேண்டியது. ஒரு போலீஸ் சான்றிதழ் போதும். தாய்லாந்திலும் யாரும் கேட்கவில்லை, ஆஸ்திரேலியாவிலும் யாரும் கேட்கவில்லை. முன்வாசலில் காவல் போடாத அரசுகள் பின்வாசலில் வந்து நிற்கும் தொட்டிலைச் சோதனை போடுகின்றன.

முன்வாசலில் ஒரே ஒரு நல்ல கேள்வியை ஒரு நாடு கேட்டது. அது இந்தியாதான். 2012 ஜூலையில் உள்துறை அமைச்சகம் ஒரு விதி கொண்டுவந்தது: வாடகைத்தாய்க்காக வரும் வெளிநாட்டவர் மருத்துவ விசாவில் வர வேண்டும். உங்கள் நாடு இந்த முறையை ஏற்கிறது, பிறக்கும் குழந்தையை உங்கள் பிள்ளையாக உள்ளே விடும் என்று உங்கள் தூதரகத்திடமிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும். ஜெர்மானிய இரட்டையர் விஷயத்தில் சூடுபட்டுக் கற்ற பாடம். அருமையான விதி. ஆனால் அதே காகிதத்தில் இன்னொரு வரியும் சேர்த்தார்கள்: ஆணும் பெண்ணுமாகக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். தனியாளும் ஒருபாலினத் தம்பதியும் வெளியே.

அந்த ஒரு வரி என்ன செய்தது என்று பாருங்கள். அப்போது இஸ்ரேலில் ஒருபாலின ஆண் தம்பதிகளுக்கு உள்ளூரில் வாடகைத்தாய் முறை கிடையாது. இந்தியாவை நம்பியிருந்தார்கள். கதவு மூடியதும் ஏஜென்சிகள் நேபாளத்துக்கு மாறின. நேபாளப் பெண்கள் சுமக்கக்கூடாது என்பது அங்கே விதி. அதனால் இந்தியப் பெண்களையே எல்லை தாண்டிக் காத்மாண்டுவுக்குக் கூட்டிப்போனார்கள். அதே பெண்கள், அதே வேலை. ஆனால் இப்போது அந்நிய நாட்டில், வீட்டை விட்டு, எந்தச் சட்டமும் காக்காத இடத்தில். 2015 ஏப்ரல் 25 அன்று நிலம் நடுங்கியது. இஸ்ரேல் விமானம் அனுப்பி இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை மீட்டது. சுமந்துகொண்டிருந்த பெண்களை என்ன செய்வது என்று அதன் பிறகுதான் பேசத் தொடங்கினார்கள்.

அந்த ஒரே வருடத்தில் தாய்லாந்து, நேபாளம், இந்தியா மூன்றும் வெளிநாட்டவருக்குக் கதவை மூடின. வியாபாரம் நின்றதா? கம்போடியா போனது. 2016-ல் கம்போடியாவும் தடை போட்டது. லாவோஸ் போனது. 2017 ஏப்ரலில் தாய்லாந்து-லாவோஸ் எல்லையில் ஒருவர் நைட்ரஜன் கலனில் விந்தணுக் குப்பிகளோடு பிடிபட்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கம்போடியாவில் நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. 2018 ஜூனில் நாம்பென் நகரில், சீன வாடிக்கையாளர்களுக்காகச் சுமந்துகொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களைப் பிடித்தார்கள். குற்றச்சாட்டு, ஆள்கடத்தல். கடத்தப்பட்டவர்களாக அல்ல, கடத்தியவர்களாக. கர்ப்பத்தோடு மாதக்கணக்கில் காவலில் இருந்தார்கள். டிசம்பரில் ஒரு நிபந்தனையில் விட்டார்கள்: பிறக்கும் பிள்ளையைப் பதினெட்டு வயது வரை நீயே வளர்க்க வேண்டும், யாருக்கும் கொடுக்கக்கூடாது. தன் கருமுட்டை இல்லாத, தான் வளர்க்க நினைக்காத, தன் பிள்ளைகளுக்கே சோறு போடத்தான் சுமக்க ஒத்துக்கொண்ட குழந்தையை. வளர்க்காவிட்டால் ஜெயில். பெண்ணுடலைச் சுரண்டலிலிருந்து காப்பாற்றும் சட்டம் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த தீர்ப்பு இது. ஒன்பது மாதத்துக்குப் பேசியதைப் பதினெட்டு வருடமாக நீட்டியது அரசு. பணம் கொடுத்து ஏற்பாடு செய்தவர்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

எல்லாம் 'சாய்ஸ்', பெரியவர்களுக்குள் ஒப்பந்தம், அரசுக்கு என்ன வேலை என்று சொல்லும் என் ஆபீஸ் நண்பர்களிடமும் எனக்குச் சண்டைதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் வக்கீல் இருந்தால் அதற்குப் பெயர் சாய்ஸ் இல்லை. சுமப்பவருக்குத் தனி வக்கீல், அவர் மொழியில் ஒப்பந்தம், பிரசவத்துக்குப் பிறகும் நீளும் மருத்துவப் பொறுப்பு, மனம் மாறினால் என்ன என்பதற்கு முன்கூட்டியே பதில். பிள்ளைக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்துகொள்ள ஒரு பதிவேடு. இவை எதுவும் இல்லாமல் கருவை வைக்கவே அனுமதி இல்லை என்று, சம்பந்தப்பட்ட இரண்டு நாடுகளும் முன்னால் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு 1993-லேயே ஹேக் நகரில் இப்படி ஒரு உடன்படிக்கை செய்ய முடிந்தது. வாடகைத்தாய் விஷயத்தில் அதே ஹேக் அமைப்பு 2016 முதல் நிபுணர் குழு, 2023 முதல் பணிக்குழு என்று பேசிக்கொண்டேயிருக்கிறது. யாராவது அந்த முன்வாசலை ஏமாற்றிப் பிள்ளை பெற்றுவந்தால் அவர்கள் மீது வழக்கு போடுங்கள், அபராதம் போடுங்கள். பிறப்புச் சான்றிதழை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

நம் ஊர் இப்போது இந்தக் கதையின் மறுபக்கத்தில் இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி காசுக்குச் சுமக்கக்கூடாது. மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டும்தான். கல்யாணமாகிச் சொந்தப் பிள்ளை உள்ள, 25-லிருந்து 35 வயதுக்குள் இருக்கும் ஒருத்தர் அன்பினால் மட்டும் முன்வர வேண்டும். கல்யாணம் ஆகாதவர், சேர்ந்து வாழ்பவர், ஒருபாலினத் தம்பதி யாருக்கும் வழி இல்லை. எங்கள் சொந்தத்தில் அப்படி யாரைக் கேட்பது என்று நானும் மனைவியும் ஒரு இரவு பெயர்களை யோசித்தோம். மூன்றாவது பெயரில் நிறுத்திக்கொண்டோம், ஏனென்றால் மூன்று பேருமே எங்களிடம் ஏதோ ஒரு விதத்தில் பணத்துக்குக் கடமைப்பட்டவர்கள். அன்பினால் சுமப்பது என்றால் நடைமுறையில் யார் சுமப்பார் என்பது அன்றைக்கு விளங்கியது. உலகமே ஆனந்த் நகரத்துக்கு வந்த காலம் போய், இன்று இந்தியர்கள் ஷீட்டில் நாடு தேடுகிறோம்.

போன மாதம் அந்தக் கன்சல்டன்டிடமிருந்து மறுபடி மெசேஜ். "சார், அப்டேட்டட் ஷீட் அனுப்பியிருக்கேன். புதுசா ஒரு நாடு சேத்திருக்கோம், எக்ஸிட் டைம் ரொம்பக் கம்மி." மனைவியிடம் காட்டினேன். அவள் வாங்கி, விரலால் பெரிதாக்கி, கடைசிக் கட்டம்வரை தள்ளிப் பார்த்தாள்.

"இதுவும் மஞ்சள்தான்டா" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.